துறவியின் சவரக்கத்தியும் தீட்டுக்கல்லும்

தேரவாத பௌத்தத் துறவி தனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என மரபு எண்ணிச் சொல்லும் பொருள்கள் எட்டு: மூன்று சீவர ஆடைகள், பிச்சைப் பாத்திரம், இடைக்கச்சு, ஊசி, நீர் வடிகட்டி, சவரக்கத்தி. ஆடை கிழிந்தால் தைக்க அதே பட்டியலில் ஊசி இருக்கிறது. தண்ணீரில் புழு பூச்சி கிடந்தால் வடிகட்டி இருக்கிறது. கத்தி மழுங்கினால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அந்த எட்டுக்குள் வழி இல்லை. துறவியர் ஒழுக்க விதிகளின் தொகுப்பான விநயபிடகத்தின் சுல்லவக்கத்தில், சில்லறைப் பொருள்களைப் பற்றிப் பேசும் ஐந்தாம் அத்தியாயம் அதற்கு வழி செய்கிறது. கத்தி, அதைத் தீட்டும் கல், போட்டு வைக்கும் உறை, சுற்றி வைக்கும் கம்பளித் துண்டு, சவரத்துக்கு வேண்டிய மற்றச் சாமான்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளப் புத்தர் அனுமதித்தார் என்று அங்கே பதிவாகியிருக்கிறது.

அனுமதி சிறியது, அது கிளப்பும் கேள்வி சிறியதல்ல. தலையை மழிப்பது வீட்டையும் அழகையும் விட்டதற்கு அடையாளம். அந்த அடையாளம் நிலைக்க ஓர் உடைமை வேண்டியிருக்கிறது. அந்த உடைமையைப் பேண இன்னும் மூன்று நான்கு. கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனையின் பாலுக்காக மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணம் செய்துகொண்ட சந்நியாசியின் கதை தமிழில் எல்லாருக்கும் தெரியும். கத்தியிலிருந்து கல்லுக்கும், கல்லிலிருந்து உறைக்கும் போகிற வழி அந்தக் கதையின் தொடக்கத்தைப் போலவே இருக்கிறது. எந்த இடத்தில் நிறுத்துவது, யார் கையில் நிறுத்துவது என்பதில்தான் இந்தியத் துறவு மரபுகள் பிரிந்து போயின. பதினான்காம் நூற்றாண்டின் ஐரோப்பியத் திருச்சபையும் இதே கேள்வியில் வேறு பக்கமாக வந்து மாட்டிக்கொண்டது.

மழிப்பதற்கு விநயம் வைத்த எல்லை இரண்டு மாதம் அல்லது இரண்டு விரற்கடை. முடி அதற்குமேல் வளர்வது கூடாது. நோய் போன்ற காரணம் இல்லாமல் தலைமுடியைக் கத்தரிக்கோலால் வெட்டுவதும், நரைமுடியைப் பிடுங்குவதும், தாடியை அழகாக ஒதுக்கிக்கொள்வதும் அதே அத்தியாயத்தில் விலக்கப்பட்டிருக்கின்றன. நடைமுறை இடத்துக்கு இடம் மாறும். தாய்லாந்தில் பௌர்ணமிக்கு முந்தைய நாள் மழிப்பு நாள். அங்கே புருவத்தையும் மழிக்கிறார்கள். ஜப்பானிய ஜென் மடங்களில் தேதியில் நான்கும் ஒன்பதும் வரும் நாள்களில் தலை மழித்துக் குளிப்பது வழக்கம். இந்தக் கவலையெல்லாம் புத்தருக்கு இல்லை என்பது ஜாதகக் கதைகளின் முன்னுரையான நிதானகதை தரும் செய்தி. அவர் வீட்டைவிட்டு வந்த இரவில் வாளால் முடியை அறுத்தபோது மிஞ்சியது இரண்டு விரற்கடை. அது வலமாகச் சுருண்டு படிந்து, வாழ்நாள் முழுவதும் அந்த அளவிலேயே நின்றுவிட்டதாம். சீடர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

சீடர்களுக்குக் கல் ஏன் தேவைப்பட்டது என்பது இரும்பின் இயல்பிலேயே இருக்கிறது. சவரக்கத்தியின் வாய் என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடு. அந்தச் சரிவுகளுக்கிடையே உள்ள கோணம் பெரும்பாலும் 15 முதல் 20 பாகைக்குள் அமையும். சமையலறைக் கத்திக்கு இருப்பதைவிட நன்றாகக் குறைவு. அவ்வளவு மெல்லிய இடத்தில் இரும்பு வளையும், மடங்கும், பொடிப்பொடியாக உதிரும். மயிரோ எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் அது கத்தியை மழுக்குகிறது. இதன் காரணத்தை மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் விளக்கினார்கள். கடையில் விற்கும் சாதாரண பிளேடுகளை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் முடியை வெட்டிப் பார்த்தபோது, வாய் சீராகத் தேய்ந்து உருண்டு போகவில்லை. அங்கங்கே சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. எஃகின் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சற்று இளகிய பகுதியும் இறுகிய பகுதியும் சேரும் எல்லையில், வளைந்து சாய்ந்த முடி ஒன்று மோதினால் அந்த இடம் பெயர்ந்துவிடுகிறது. ஆகவே கத்தியின் கூர் என்பது வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. ஒவ்வொரு மழிப்பிலும் அது கொஞ்சம் செலவாகிறது.

செலவானதை மீட்கும் வேலை இரண்டு படியாக நடக்கும். அடிக்கடி செய்ய வேண்டியது தோல்வாரில் தீட்டுவது. எப்போதாவது செய்ய வேண்டியது கல்லில் தீட்டுவது. மடக்குக் கத்தி வைத்திருக்கும் வீடுகளில் இன்றும் முறை இதுதான். கல்லில் வைக்கும்போது கத்தியின் முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லைத் தொட வேண்டும். கோணத்தைக் கை தேட வேண்டியதில்லை; முதுகின் தடிப்பே அதை நிர்ணயித்துவிடுகிறது. பழைய கொல்லர்கள் செய்துவைத்த நல்ல ஏற்பாடு இது. கல்லில் தேயத் தேய வாயும் முதுகும் சேர்ந்தே குறைவதால், பல ஆண்டுகள் கழிந்தும் கோணம் பெரிதாக மாறாது. ஈரக் கல்லில் வாய் முன்னால் போகும்படி தள்ளி, கல்லின் கடைசியில் கத்தியை முதுகின்மேல் புரட்டி, மறுபுறமாக இழுத்து வர வேண்டும். 1000 எண் கல்லில் சரிவைச் சீராக்கி, 4000, 8000, முடிந்தால் 12000 என்று மேலும் மேலும் நுண்ணிய கல்லுக்குப் போவது செயற்கைக் கற்களின் கணக்கு. பெல்ஜியத்தின் ஆர்தென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் நிறக் கோட்டிகியூல் கல்லுக்கு எண் கிடையாது. அதில் உள்ள நுண்ணிய கார்னெட் படிகங்களே அறுக்கின்றன. கல்லைத் தேய்த்துக் குழம்பு எழுப்பினால் வேகமாக அறுக்கும், வெறும் தண்ணீரில் மெதுவாக மெருகேற்றும்.

வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தண்ணீர் சொல்லும். சரிவு இன்னும் சரியாக அமையாதபோது, தள்ளப்படும் கத்தியின் அடியில் நீர் புகுந்துவிடும். வாய் முழு நீளத்துக்கும் கல்லோடு பொருந்திவிட்டால் நீர் உள்ளே போக வழியில்லாமல் அலகின்மேல் மெல்லிய படலமாக ஏறி வழியும். கைக்கும் வித்தியாசம் தெரியும். வழுக்கிக்கொண்டு போன கத்தியைக் கல் இலேசாகக் கவ்வத் தொடங்கும். கை அழுத்தினால் கெட்டது. மெல்லிய அலகு வளைந்து, வாயில் பிசிறு எழும்பும். அந்தப் பிசிறு நகத்தில் தட்டும்போது கூர் மாதிரி ஏமாற்றும், கன்னத்தில் வைத்தால் கிழிக்கும். கல் முடிந்த பிறகு முதலில் துணிவார், பிறகு தோல்வார். அங்கே திசை மாறும்: முதுகு முன்னே, வாய் பின்னே. தவறி வாயை முன்னே விட்டால் தோல் அறுந்துபோகும். கடைசியில் தலைமுடி ஒன்றை ஒரு முனையில் பிடித்துத் தொங்கவிட்டு, கத்தியின் மேல் படவிட்டுப் பார்ப்பார்கள். அழுத்தாமலே அறுந்து விழுந்தால் பதம் வந்துவிட்டது. தீட்டின மரத்திலேயே பதம் பார்ப்பது என்று தமிழில் நன்றிகெட்ட செயலுக்குச் சொல்வார்கள். கல்லிலோ வாரிலோ பதம் பார்த்தால் நன்றி மட்டுமல்ல, அதுவரை தீட்டிய கூரும் கெடும்.

இப்போது தத்துவக் கேள்வி தெளிவாகத் தெரியும். துறவியின் கையில் உள்ள பொருள்களை இரண்டாகப் பிரிப்பது எளிது. சோறு பயன்படும்போதே தீர்ந்துபோகும். பாத்திரம் பயன்பட்ட பிறகும் அப்படியே இருக்கும். சவரக்கத்தி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் உடல் பாத்திரத்தைப் போல நிலைக்கிறது, அதன் வாய் சோற்றைப் போலத் தீர்கிறது. தீர்ந்த வாயை உடலிலிருந்தே எடுத்து ஈடுகட்டுகிறார்கள். தீட்டுவது கத்தியோடு எதையும் சேர்ப்பதில்லை, குறைக்கவே செய்கிறது. இப்படிப்பட்ட பொருளை வைத்திருப்பவனுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு வெறும் ‘என்னிடம் இருக்கிறது’ என்ற அளவில் நிற்காது. தொடர்ந்து பார்த்துப் பேணினால்தான் அது கத்தியாக இருக்கும். பேணாவிட்டால் இரும்புத் துண்டு. பற்று என்று துறவு நூல்கள் எதை அஞ்சுகின்றனவோ அது பெரும்பாலும் இந்தப் பேணுதலின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஊசி விஷயத்திலும் சுல்லவக்கம் இதைச் சந்தித்தது. ஊசி துருப்பிடித்தது, குழல் அனுமதிக்கப்பட்டது. குழலிலும் துருப்பிடித்தது, உள்ளே மாவும் கல்தூளும் நிரப்ப அனுமதி வந்தது. இன்னும் போதவில்லை, மெழுகு வந்தது. படிப்பவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் நூல் அதை மறைக்காமல் ஒவ்வொரு படியாகச் சொல்கிறது. சிறு கத்திக்குப் பிடி கேட்டபோது எலும்பு, கொம்பு, மூங்கில், மரம் போன்றவற்றுக்கு அனுமதி கிடைத்தது. பொன், வெள்ளிப் பிடி தடுக்கப்பட்டது. வரிசை எங்கே ஆடம்பரமாகிறதோ அங்கே வெட்டு விழுகிறது.

சமணத்தின் விடை வேறு. அது கத்தியையே வேண்டாம் என்றது. மகாவீரர் துறவு பூண்டபோது ஐந்து பிடியாகத் தன் முடியைக் கையாலேயே பறித்துக்கொண்டார் என்பது மரபு. திகம்பர முனிவர்களின் இருபத்தெட்டு அடிப்படை ஒழுக்கங்களில் முடி பறித்தலும் ஒன்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் உத்தமம், மூன்றில் மத்திமம், நான்கு மாதம் கடைசி எல்லை. சாம்பல் தொட்டுக்கொண்டு, சிறு கொத்துக் கொத்தாக, தலையும் தாடியும் பறிக்கப்படும். உடலைத் துன்புறுத்தும் வெறி என்று வெளியிலிருந்து இதைப் பார்ப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அந்தப் பார்வைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தேவாரப் பாடல்களில் சம்பந்தரும், ஒருகாலத்தில் தானே சமணராக இருந்த அப்பரும், இந்த வழக்கத்தை எள்ளியிருக்கிறார்கள். சமணர் சொல்லும் காரணம் வலியைப் பற்றியது மட்டும் இல்லை. கத்தி வைத்திருந்தால் அது உடைமை. நாவிதரைத் தேடினால் அது பிறரிடம் கையேந்துதல், கூலி கொடுக்கப் பணமும் வேண்டும். முடியை வளரவிட்டால் பேன் சேரும். பேனை எடுத்தால் கொலை. எல்லா வாசலையும் அடைத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது இரண்டு கைகள்தான். கோவணக் கதையின் முதல் வரியையே எழுதவிடாமல் தடுக்கும் விடை இது. தர்க்கத்தில் இதைவிடச் சுத்தமான விடை கிடையாது. அந்தச் சுத்தத்துக்கு உடல் விலை கொடுக்கிறது, அவ்வளவுதான்.

வைதிக மரபில் சவரக்கத்தி வேறோர் இடத்தில் இருக்கிறது. அதர்வ வேதத்தின் ஆறாம் காண்டத்தில் மழிப்புக்கென்றே ஒரு சிறு பாடல் உண்டு. அதில் சவிதா கத்தியோடு வருகிறான், வாயு வெந்நீரோடு வருகிறான். குழந்தைக்கு முதல் முடி மழிக்கும் சௌளச் சடங்கில், இந்தப் பிள்ளையைத் துன்புறுத்தாதே என்று அலகையே பார்த்து வேண்டிக்கொள்கிறார்கள். உபநிடதங்களில் கத்தி உவமையாகிறது. பிருகதாரணியகம், உறைக்குள் கத்தி மறைந்திருப்பதுபோல் ஆன்மா நகநுனி வரை உடலுக்குள் புகுந்து மறைந்திருப்பதாகச் சொல்கிறது. கட உபநிடதம், ஞான வழியைத் தீட்டிய கத்தியின் விளிம்பாகக் காண்கிறது. சாமர்செட் மாம் 1944இல் வெளியிட்ட நாவலுக்கு அங்கிருந்துதான் தலைப்பு எடுத்தார். 1938இல் அவர் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் பார்த்திருந்தார். உவமையில் இவ்வளவு தாராளமாகப் புழங்கும் கத்தி, சந்நியாசியின் மூட்டையில் மட்டும் இல்லை. தண்டு, கமண்டலம், காவி என்று போகும் பட்டியலில் அதற்கு இடம் தரப்படவில்லை. அவருக்கும் மழிப்பு உண்டு: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பருவங்கள் சந்திக்கும் பௌர்ணமியில். இரண்டு மாதக் கணக்கு மூன்று மரபிலும் ஒத்துப்போவது கவனிக்க வேண்டியது. அன்றைக்கு நாவிதர் வருவார். கத்தி அவருடையது, கல் அவருடையது, அவற்றைப் போட்டு வைக்கும் அடைப்பமும் அவருடையது. வேலை முடிந்ததும் துறவி குளிக்க வேண்டும், ஏனென்றால் மழிப்பும் தீட்டு, மழித்தவர் தொடுவதும் தீட்டு என்பது அந்தச் சமூகத்தின் கணக்கு.

இந்த ஏற்பாட்டில் துறவியின் கை சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூர் எங்கிருந்தோ தானாக வரவில்லை. விடியற்காலையில் யாரோ ஒருவர் கல்லை நனைத்துத் தீட்டியிருக்கிறார்; அவர் பிள்ளைக்கும் அதே கல்தான் என்று சாதி முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. ஒருவர் உடைமை இல்லாமல் இருப்பதற்காக இன்னொருவர் அந்த உடைமையைப் பரம்பரையாகச் சுமந்து, அதற்காகவே தாழ்த்தியும் வைக்கப்பட்டால், அங்கே துறக்கப்பட்டது என்ன என்று கேட்பது நியாயம். உடைமை போய்விடவில்லை. வேறொருவர் தலைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. மழித்தலும் முடி வளர்த்தலும் இரண்டுமே வேண்டாம், உலகம் பழிப்பதை விட்டாலே போதும் என்ற பொருள்பட வள்ளுவர் கூடாவொழுக்கத்தின் கடைசிக் குறளில் பேசுவதை, வேடத்தைப் பற்றிய கண்டனமாகவே பெரும்பாலும் படிக்கிறார்கள். கத்தியை யார் தீட்டுவது என்ற சிக்கலிலிருந்து விடுபடும் வழியாகவும் அதைப் படிக்கலாம்.

உடைமையை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டுப் பயன்பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் இதே உத்தியை ஐரோப்பாவில் சட்டமாகவே எழுதினார்கள். பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் தனியாகவும் கூட்டாகவும் எதையும் உடைமையாகக் கொள்ளக்கூடாது என்று நின்றார்கள். சாப்பாடும் துணியும் புத்தகமும் இல்லாமல் வாழ முடியாதே என்றபோது, 1279இல் போப் மூன்றாம் நிக்கோலஸ் வழி சொன்னார்: துறவிகளுக்கு உள்ளது வெறும் பயன்பாடு, உரிமை ரோமைத் திருச்சபையுடையது. நாற்பது ஆண்டுக்குச் சற்று மேல் இந்த ஏற்பாடு ஓடியது. 1322இல் போப் இருபத்திரண்டாம் ஜான் அதை உடைத்தார். பயன்படுத்தும்போதே தீர்ந்துபோகும் பொருளில் பயன்பாட்டையும் உரிமையையும் பிரிக்கவே முடியாது என்பது அவர் வாதம். தின்றவனே அதற்கு உரியவன். தின்று முடித்த பிறகு திருச்சபைக்கு மிஞ்சும் உரிமை என்ன? அடுத்த ஆண்டு, கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் எதையுமே உடைமையாக வைத்திருக்கவில்லை என்று பிடிவாதமாகச் சொல்வது மதவிரோதம் என்றும் அறிவித்தார்.

அந்த வாதத்தை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் பிரான்சிஸ்கன் துறவியான ஆக்கமின் வில்லியம். வேறொரு விசாரணைக்காக, போப் அப்போது இருந்த அவிஞோனுக்கு அழைக்கப்பட்டிருந்த அவர், தம் சபைத் தலைவர் கேட்டுக்கொண்டதன் பேரில் போப்பின் ஆணைகளைப் படித்துப் பார்த்து, அவை தவறு என்று முடிவுக்கு வந்தார். 1328 மே மாதத்தில் இருவரும் அங்கிருந்து தப்பி ஓடினார்கள். சபை நீக்கம் செய்யப்பட்ட ஆக்கம், 1347இல் இறக்கும் வரை மியூனிக்கில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். பயன்பாடு வேறு, உரிமை வேறு என்பதைப் பக்கம் பக்கமாக நிறுவப் பார்த்த அவர் பெயர், பின்னாளில் ஒரு சவரக்கத்தியோடுதான் ஒட்டிக்கொண்டது. தேவையில்லாமல் பொருள்களைப் பெருக்காதே என்னும் சிந்தனை விதிக்கு ஆக்கமின் சவரக்கத்தி என்று பெயர். அந்தப் பெயரை அவர் சூட்டவில்லை, பல தலைமுறைக்குப் பின் வந்தவர்கள் சூட்டியது.

உண்மையான சவரக்கத்தியை அந்த வழக்கில் சாட்சியாக நிறுத்தியிருந்தால் இரண்டு தரப்புமே தடுமாறியிருக்கும். கத்தியின் உடலைப் பார்த்தால் ஆக்கம் சொல்வது சரி: இரவல் கத்தியால் மழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம், உரிமை கொடுத்தவரிடமே இருக்கும். வாயைப் பார்த்தால் ஜான் சொல்வது சரி: திருப்பிக் கொடுப்பது அதே கூருள்ள கத்தி இல்லை, ஒரு பங்கு கூர் தின்னப்பட்டுவிட்டது. மழுங்கியதைத் தீட்டித் திருப்பிக் கொடுத்தாலும் எஃகில் ஒரு துளி குறைந்திருக்கும். எத்தனை முறை தீட்டினால் அது வேறு கத்தி ஆகிறது என்று கேட்டுக்கொண்டே போகலாம். அந்தக் கேள்விக்கு முடிவு இல்லை. சட்டம் இப்படிப்பட்ட பொருள்களில் வழுக்கத்தான் செய்யும், ஏனென்றால் உரிமை என்ற கருத்து பொருள் அசையாமல் நிற்பதாக எண்ணிக்கொள்கிறது.

விநயம் உரிமையை அதிகம் துருவிப் பார்க்கவில்லை. அது வேறிடத்தில் கோடு போட்டது. அந்தக் கோடு விநயபிடகத்தின் இன்னொரு பகுதியான மகாவக்கத்தில், ஆதுமா என்ற ஊரில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியில் வருகிறது. அங்கே முதுமையில் துறவு பூண்ட ஒருவர் இருந்தார். முன்பு நாவிதத் தொழில் செய்தவர். புத்தர் பெரிய துறவியர் கூட்டத்தோடு வருகிறார் என்று கேள்விப்பட்டதும், பேச்சிலும் கைவேலையிலும் கெட்டிக்காரர்களான தம் இரண்டு பிள்ளைகளிடம் சவரச் சாமான்களைக் கொடுத்து, வீடு வீடாகப் போய் உப்பு, எண்ணெய், அரிசி, தின்பண்டம் சேர்த்து வரச் சொன்னார். பிள்ளைகள் நிறையவே கொண்டுவந்தார்கள். மறுநாள் காலையில் கஞ்சி தயாராக இருந்தது. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட புத்தர், அதை ஏற்கவில்லை, கண்டித்தார். பிறகு இரண்டு விதிகள் வந்தன. துறவி தகாத காரியத்தைப் பிறரைக்கொண்டு செய்விக்கக் கூடாது. முன்னாள் நாவிதராக இருந்த துறவி சவரச் சாமான்களை வைத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாத் துறவிக்கும் கிடைத்த அனுமதி, கத்தியை மிக நன்றாகத் தீட்டத் தெரிந்த ஒருவருக்கு மட்டும் மறுக்கப்படுகிறது. முதல் பார்வையில் இது அநியாயம்போல் தோன்றும். சாதி பார்த்து வைத்த விதியோ என்றும் சந்தேகம் வரும். ஆனால் விதி நாவிதராகப் பிறந்தவரை விலக்கவில்லை, அந்தச் சாமானை அவர் வைத்திருப்பதை விலக்குகிறது. பிறருக்குச் சொந்தமான கத்தியை வாங்கி அவர் மழிக்கலாம், கூலி வாங்கக்கூடாது என்று உரை விளக்கம் தருகிறது. மற்றத் துறவிகளின் கையில் கத்தி வெறும் கத்தி. அவர் கையில் அது தொழில். வீட்டையும் வயலையும் விட்டுவிட்டு வரலாம்; கல்லின்மேல் கத்தி எப்போது கவ்வுகிறது என்று விரலுக்குத் தெரிந்ததை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. விட முடியாத அந்த உடைமைக்கு எதிரில் விடக்கூடிய உடைமையை விலக்கிவைத்தார்கள். இந்த வழக்கில் இதுவரை பார்த்த எல்லா விடைகளிலும் நுட்பமானது இதுதான். சமணம் பொருளை விலக்கியது, வைதிகம் பொருளை இன்னொருவரிடம் தள்ளியது, பிரான்சிஸ்கன்கள் பத்திரத்தை மாற்றி எழுதினார்கள். விநயம் மட்டுமே பொருளும் திறமையும் சேரும் மூட்டைப் பார்த்தது.

அந்த விதியைச் சபையில் ஒப்பித்த வாயும் ஒரு நாவிதருடையதே. உபாலி சாக்கிய இளவரசர்களுக்கு மழித்தவர். அவர்கள் துறவுக்குப் புறப்பட்டபோது நகைகளைக் கழற்றி அவரிடம் கொடுத்து ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள். நகையோடு தனியாகப் போனால் இளவரசர்களைக் கொன்றதாகப் பழி வரும் என்று அஞ்சிய அவர், மூட்டையை மரத்தில் தொங்கவிட்டு அவர்கள் பின்னாலேயே வந்துவிட்டார். தங்கள் குலப் பெருமை அடங்கட்டும் என்று சொல்லி அவருக்கே முதலில் துறவு தரும்படி இளவரசர்கள் கேட்டுக்கொண்டார்கள். நேற்றுவரை தங்கள் தாடையைப் பிடித்து மழித்தவரை அதன்பின் அவர்கள் மூத்தவராக வணங்க வேண்டியிருந்தது. புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் கூடிய முதல் துறவியர் பேரவையில் விநயம் முழுவதற்கும் விடை சொன்னவர் உபாலி என்பது மரபு. அப்படியானால் தீட்டுக்கல்லுக்கான அனுமதியும், அந்த அனுமதி தமக்குப் பொருந்தாது என்ற தடையும் அவர் சொல்லித்தான் பதிவாயின.

மழிப்பைத் தியானத்தோடு சேர்த்த இடமும் பௌத்தத்தில் இருக்கிறது. புதிதாகச் சேர்பவரின் தலையில் கத்தி வைக்கும் வேளையில் தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல் என்ற ஐந்தையும் நினைக்கும்படி சொல்லிக்கொடுப்பார்கள். கத்தி தலையில் பட்டுக்கொண்டிருக்கும்போதே விடுதலை அடைந்த சிறுவர்களின் கதைகள் உரைகளில் வருகின்றன; தப்பர், சீவலி ஆகியோர் அவர்களில் சிலர். இதையெல்லாம் கேட்டுவிட்டு, கத்தி தீட்டுவதே தியானம் என்று இன்று பலர் எழுதுகிறார்கள். வீட்டில் கல்லும் வாரும் வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீட்டுகிறவருக்கு மனம் அடங்குவது உண்மைதான். விநயம் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே தீட்டுதலுக்குப் புகழ்ச்சி இல்லை. அனுமதி மட்டுமே உண்டு. நூல்கள் போற்றும் தேய்மானம் வேறு இடத்தில் இருக்கிறது. சம்யுத்த நிகாயத்தில் தச்சனின் வாய்ச்சிப் பிடியைப் பற்றிய உவமை ஒன்று வரும். பிடியில் விரல் பதிந்த பள்ளத்தைத் தச்சன் பார்க்கிறான். இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு தேய்ந்தது என்று அவனுக்குத் தெரியாது, தேய்ந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். மனத்தின் அழுக்குகள் குறைவதும் அப்படித்தான் என்று அந்தச் சூத்திரம் சொல்கிறது. அலகை விட்டுவிட்டுப் பிடியைப் பார்த்தது அந்த உவமையின் அழகு. அலகின் கூரை அன்றன்றைக்கு முடியில் சோதித்துவிடலாம். பிடியின் தேய்மானத்துக்கு அப்படிச் சோதனை கிடையாது.

ஜில்லெட் தமது பாதுகாப்பு ரேசரை 1903இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு உலகின் பெரும்பகுதியில் தீட்டும் வேலையே அற்றுப்போனது. நாவிதர் கடைகளில் மடக்குக் கத்தி இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தது. எய்ட்ஸ் பற்றிய அச்சம் பரவிய பின் ஆளுக்கொரு புதுப் பிளேடு என்றாகிவிட்டது. இலங்கையில் விகாரைக்குத் தானமாகக் கொடுக்க எட்டுப் பொருள்களையும் கட்டிப் பொதியாக விற்கிறார்கள். அதில் கத்தியின் இடத்தில் பிளாஸ்டிக் கைப்பிடி ரேசர் இருப்பதும் உண்டு. மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். சவரக்கத்தி இப்போது சோற்றின் பக்கம் சாய்ந்துவிட்டது; போப் ஜானின் வாதம் இதற்குத் தங்குதடையில்லாமல் பொருந்தும். சுல்லவக்கத்தின் கல்லும் உறையும் கம்பளித் துண்டும் வேலையில்லாமல் நூலில் கிடக்கின்றன. தீர்க்க வேண்டிய கேள்வி என்று பார்த்தால், முன்னாள் நாவிதர் ஒருவர் இன்று துறவு பூண்டால் அந்தப் பிளாஸ்டிக் ரேசரை வைத்துக்கொள்ளலாமா என்பது ஒன்றுதான். எழுத்தைப் பிடித்துக்கொண்டால் கூடாது, சவரச் சாமான் எதுவும் கூடாது என்றே விதி சொல்கிறது. ஆதுமாவில் விதி பிறந்த காரணத்தைப் பார்த்தால் தடுக்க நியாயம் இல்லை. தீட்டவே தெரிய வேண்டாத பிளேடு எவரையும் பழைய தொழிலுக்கு இழுக்காது.